சோஜிலாவில் வெயில் ஏறுமுன்

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில் 11,500 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது சோஜிலா கணவாய். அதே சாலையில் பின்னால் வரும் ஃபோட்டு லா இதைவிட ஏறக்குறைய 2,000 அடி உயரம். ஆனால் குளிர்காலத்தில் வழியை அடைப்பது சோஜிலாதான். காற்று கொண்டுவரும் ஈரமெல்லாம் காஷ்மீர்ப் பக்கத்திலேயே பனியாகக் கொட்டிவிடும். அந்தப் பக்கம் லடாக் காய்ந்த பூமி.

நான் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவன். ராணுவத்தில் எங்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. அதனால் இந்தக் கணவாயின் கதையை, 1948-இல் எங்கள் படை வெட்டிய தடத்தில் ஏறிய டாங்கியிலிருந்து தொடங்குவேன் என்றுதான் நினைப்பீர்கள். டாங்கிக்கு முந்தைய கதைதான் பெரியது.

லடாக்கிலிருந்து இந்த வழியாக வந்த ரிஞ்சனா 1320-இல் காஷ்மீருக்கே அரசனானான். 1533 ஜனவரியில் மத்திய ஆசியத் தளபதி மிர்சா ஹைதர் துக்லத் படையோடு இறங்கினார். 1715 மே மாதம் ஸ்ரீநகரை விட்டுக் கிளம்பிய இத்தாலியப் பாதிரியார் இப்போலிட்டோ தெசிதேரி, இதைத் தாண்டித்தான் லே போய்ச் சேர்ந்தார். இவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. மூட்டை சுமந்து வழிகாட்டிய டிராஸ், மட்டாயன் பக்கத்து ஆட்களின் பெயரைத் தேடினால் கிடைக்காது. குதிரை ஏற முடியாத மாதங்களில் சரக்குக்கு மனித முதுகுதான். பேகார் என்ற கட்டாய வேலை வழக்கத்தில் இருந்த காலம் அது. கூலியைப் பற்றிப் பேச்சே எழாது.

அந்த ஆட்களுக்குத் தெரிந்ததைத்தான் பிற்பாடு எங்களுக்குப் பாடமாக நடத்தினார்கள். கோடைப் பாதை மலைச்சரிவை ஒட்டிப் போகும். குளிர்காலத்தில் அந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது. காஷ்மீர்ப் பக்கத்து அடிவாரமான பால்தலிலிருந்து ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே சரிந்து குவிந்து இறுகிய பனியின் மேல் ஏற வேண்டும். இரண்டு பக்கமும் தலைக்கு மேல் பனி தொங்கும். ஆகவே இருட்டிலேயே புறப்பட்டு, வெயில் சரிவைத் தொடுவதற்குள் பள்ளத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். வசந்தத்தில் இன்னொரு ஆபத்தும் சேரும்: பனிக்கு அடியில் ஓடை உருகி ஓடத் தொடங்கும், மேலே நடப்பவனுக்கு உள்ளே வெற்றிடமாகிவிட்டது தெரியாது. அதைப் பார்த்துப் பாதையை மறுபடி மலைச்சரிவுக்கு மாற்றும் நாளைச் சரியாகச் சொல்வதுதான் வழிகாட்டியின் திறமை.

ஏன் விடியலுக்கு முன்? மார்ச், ஏப்ரலில் பகல் வெயிலில் மேல்பனி உருகி, நீர் கீழே கசிந்து, பனித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்ந்துவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவென்றால் மொத்தமாக நகர்ந்து வரும். தெளிந்த வானமுள்ள இரவில் அது திரும்ப உறைந்து கல்லாகும். மேகம் மூடிய இரவில் உறையாது. அன்றைக்கு விடியற்காலையும் ஆபத்துதான். புது ஆள் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவான். தெரிந்தவன் வானத்தைப் பார்த்துவிட்டு, பனியைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவான்.

பேசாமல் நடக்க வேண்டும், சத்தத்துக்குச் சரிவு இறங்கும் என்றும் சொல்வார்கள். மனிதக் குரலுக்குப் பனி சரியாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு போவதில் நஷ்டமில்லை. மேலே ஏதாவது முறிந்தால் காதில் விழும்.

1948-க்கு வருவோம். காஷ்மீருக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்ட காலம். அந்தப் பிப்ரவரியில் லாஹூல்காரரான ராணுவ அதிகாரி பிருத்வி சந்த், சுமார் 40 பேரோடு மூடிக்கிடந்த சோஜிலாவைத் தாண்டி மார்ச்சில் லே சேர்ந்தார். பனியில் பிறந்து வளர்ந்தவர்களின் காரியம் அது. கோடையில் கணவாய் எதிரி கைக்குப் போனது. செப்டம்பரில் காலாட்படைத் தாக்குதல் தோற்றது. டாங்கி ஏற்றலாம் என்று தளபதி திம்மையா முடிவெடுத்தார். பால்தலிலிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதைப் பாதைதான். அதை ஸ்டூவர்ட் டாங்கி ஏறும் தடமாக அகலப்படுத்தியவர்கள் எங்கள் தம்பிகள். அக்டோபர் குளிரில், எதிரி சுடும் தூரத்தில் வெட்டினார்கள். நவம்பர் 1-ஆம் தேதி 7-ஆவது குதிரைப்படையின் டாங்கிகள் ஏறின, கணவாய் மீண்டது. அந்த டிசம்பரிலேயே குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிறகு அது உயர்மலைப் போர்ப்பள்ளியாக வளர்ந்தது. 1969-இல் பனிச்சரிவை ஆராயவே மணாலியில் ஒரு நிறுவனம் வந்தது. டிராஸ் சுமைகாரர் அறிந்ததை அரசாங்கம் ஏட்டில் ஏற்ற அவ்வளவு காலம் பிடித்தது.

எங்கள் காலத்தில் இடுப்பில் நீண்ட சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு நடப்போம். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு முனையாவது மேலே தெரியும் என்று நம்பிக்கை. இன்று புதைந்த இடத்தைச் சைகையால் காட்டும் பீக்கன் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பான். அரை மணி தாண்டினால் மூச்சடைத்தே பாதிப் பேருக்கு மேல் போய்விடுவார்கள். உதவி கேட்டு ஆள் அனுப்ப அவகாசம் கிடையாது. கூட வந்தவன்தான் தோண்ட வேண்டும். அதனால்தான் ஆபத்தான சரிவை ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்கிறோம். ஒருவன் போனாலும் தோண்ட மிச்சப்பேர் இருக்க வேண்டும்.

இப்போது எல்லைச் சாலை அமைப்பின் இயந்திரங்கள் இரு பக்கமிருந்தும் பனியை வெட்டி வருகின்றன. 2025-இல் 32 நாள் மட்டுமே மூடியிருந்து ஏப்ரல் 1-இல் சாலை திறந்தது. கணவாய்க்கு அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கமும் குடைகிறார்கள். அது முடியும்வரை மேலே போகும் வண்டிகள் அந்தச் சரிவுகளுக்குக் கீழேதான் போயாக வேண்டும். தார் போட்டதால் பனியின் குணம் மாறிவிடவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் பைக்கை எடுத்துக்கொண்டு லே கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சோனமர்க் சாவடியில் வண்டி விடும் நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னால், அவரிடம் வாதாடாதீர்கள். அறை எடுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் அவர் விடும்போது போங்கள்.