என்.ஜி.ஓ. காலனி - பெயர் வந்த கதை

பெருமாள்புரம் பக்கம் போகும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, என்.ஜி.ஓ. காலனின்னு போட்டிருக்கே, இங்க தொண்டு நிறுவனம் எதுவும் இருந்துச்சா?"

சிரிப்பு வந்துவிட்டது. இந்த என்.ஜி.ஓ. வேறு. 'நான் கெஜட்டட் ஆபீசர்', அதாவது கெஜட்டில் பெயர் வராத குமாஸ்தா, டைப்பிஸ்ட் போன்ற அரசு ஊழியர்கள்.

என் அப்பாவும் குமாஸ்தாதான். டவுனில் ஒரு வளவில் ஆறு குடித்தனம். கிணறு ஒன்று, கக்கூஸ் ஒன்று. அப்படிப்பட்டவர்களுக்குச் சொந்த வீட்டு ஆசையைக் காட்டியது ஹவுசிங் போர்டு. அதற்கு முன் சென்னைப் பட்டணத்துக்கு மட்டும் சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் இருந்தது. 1961-ஆம் வருடச் சட்டம்தான் மாநிலம் முழுமைக்கும் வாரியத்தைக் கொண்டுவந்தது.

வருமானத்தைப் பார்த்து எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வீடுகளைப் பிரித்தார்கள். முன்பணம் கட்டிவிட்டு மாதத் தவணை. பாக்கியெல்லாம் தீர்ந்த பிறகே கிரயப் பத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் எங்களுக்கும் ஒரு எல்.ஐ.ஜி. வீடு கிடைத்தது. "காட்டுக்குள்ளயா குடி போறீக?" என்று வளவில் கேலி செய்தார்கள். பத்திரம் கைக்கு வந்த அன்று அப்பா அதைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் காலத்துக்குப் பின் பாகம் பிரிக்க அந்த வீட்டை விற்றோம். வாங்கியவர் ஒரு டாக்டர்; இடித்துவிட்டு மாடி கட்டினார். நல்ல விலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு ஒரு குமாஸ்தா தன் சம்பளத்தில் அந்தத் தெருவில் மனை வாங்க முடியாது. விற்றவர்களில் நானும் ஒருவன் என்பதைப் பேரனிடம் சொல்லவில்லை.