முன்னமைவு ஒலி (ஒலித்தொகுப்பி)

முன்னமைவு ஒலி அல்லது பிரீசெட் என்பது, ஒலித்தொகுப்பி (சின்தசைசர்) ஒன்றின் அளபுருக்கள் அனைத்தும் குறிப்பிட்ட ஓர் ஒலியைத் தருமாறு முன்கூட்டியே அமைக்கப்பட்டு, ஒரு பெயருடன் நினைவகத்தில் சேமிக்கப்பட்ட நிலை ஆகும். அலையியற்றி, வடிகட்டி முதலியவற்றை இசைக்கலைஞரே அமைத்துப் புதிய ஒலியை ஆக்குவது ஒலி நிரலாக்கம் எனப்படுகின்றது. மென்பொருள் ஒலித்தொகுப்பிகள் பலவும் நூற்றுக்கணக்கான முன்னமைவுகளுடன் வெளிவருவதால், இவ்விரு முறைகளையும் ஒப்பிடுதல் மின்னணு இசையில் நெடுநாள் விவாதமாக உள்ளது.

வரலாறு

1970 இல் வெளியான மினிமூக் போன்ற தொடக்ககாலக் கருவிகளில் ஒலியைச் சேமிக்கும் வசதி இல்லை. விரும்பிய ஒலியை மீண்டும் பெறுவதற்குத் திருகுகளின் நிலைகளைத் தாளில் குறித்து வைக்க வேண்டியிருந்தது. 1978 இல் சீக்வென்சியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் புராஃபெட்-5 கருவி, நுண்செயலியின் துணையுடன் 40 ஒலிகளைச் சேமிக்க வழிசெய்தது. 1996 இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்னும் செருகுநிரல் தொழில்நுட்பத்தை வெளியிட்டது. 1999 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இசைக்கருவிகளுக்கும் இடமளித்தது. கணினியில் நினைவகத் தட்டுப்பாடு குறைவாதலால் முன்னமைவுகளின் எண்ணிக்கை பெருகியது.

யமாஹா டிஎக்ஸ்7

1983 இல் வெளியான டிஎக்ஸ்7, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967 இல் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்றத் தொகுப்பு முறையில் இயங்கியது. ஒவ்வோர் ஒலியும் ஆறு அலையியற்றிகளையும், அவற்றை இணைக்கும் 32 அமைப்புகளுள் ஒன்றையும், நூற்றுக்கும் மேற்பட்ட அளபுருக்களையும் கொண்டது. இவற்றைச் சிறிய திரையின் வழியே ஒவ்வொன்றாகவே மாற்ற முடிந்தது. ஆதலால் பிரையன் ஈனோ போன்ற சிலரே இதனை ஆழ்ந்து நிரலாக்கினர். ஏனையோர் ஆலை முன்னமைவுகளையே பயன்படுத்தினர். இதன் மின்பியானோ ஒலி 1980களின் மெல்லிசைப் பாடல்களில் பரவலாக ஒலித்தது. பயனர் இடைமுகத்தின் கடினமே ஒரு காலத்தின் இசைக்குப் பொதுவான ஒலியைத் தந்தது எனலாம். டிஎக்ஸ்7இன் ஒலிக்கோப்புகளைத் திறக்கவல்ல டெக்ஸ்டு என்னும் கட்டற்ற மென்பொருள், ஆறு அலையியற்றிகளையும் ஒரே திரையில் காட்டுகின்றது.

முன்னமைவுகளின் பயன்

முன்னமைவைப் பயன்படுத்துவதால் மட்டும் ஓர் ஆக்கம் தனித்தன்மை இழப்பதில்லை. என்யாவின் 'ஓரினோக்கோ ஃப்ளோ' (1988) பாடலில் ஒலிக்கும் மீட்டொலி, ரோலண்ட் டி-50 கருவியின் முன்னமைவே ஆகும். 1993 இல் புகழ்பெற்ற 'ஷோ மீ லவ்' பாடலின் ஆர்கன் ஒலி, கோர்க் எம்1 கருவியிலிருந்து பெறப்பட்டது. முன்னமைவுகள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. மெட்டமைப்பில் கவனம் செலுத்த உதவுகின்றன.

குறைகளும் உள்ளன. தனித்துக் கேட்கும்போது கவரும் நோக்கில், பல முன்னமைவுகளில் எதிரொலி முதலிய விளைவுகள் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. பிற கருவிகளுடன் சேரும்போது இவை இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலும், ஒரே ஒலி பல ஆக்கங்களில் கேட்க நேரிடும்.

ஒலி நிரலாக்கம்

நிரலாக்கம் பொதுவாக எளிய தொடக்கநிலை ஒலியிலிருந்து ஆரம்பிக்கின்றது. எடுத்துக்காட்டாக, இரம்பப்பல் அலையை எடுத்து, தாழ்நிலை வடிகட்டியால் அதன் உயர் அதிர்வெண்களைக் குறைக்கலாம். ஒலி உடனே எழுந்து விரைவில் தணியுமாறு அமைத்தால் நரம்பை மீட்டியது போன்ற ஒலி கிடைக்கும். எழுச்சி நேரத்தை ஏறத்தாழ ஒரு நொடியாக நீட்டி, விசையை அழுத்தியிருக்கும் வரை ஒலி நீடிக்குமாறு செய்தால் அதே அலை வில்லிசைக் குழுவை ஒத்த ஒலியாக மாறும்.

இதனைக் கற்க முன்னமைவுகளே நல்ல பாடங்களாகும். ஒன்றைத் திறந்து, முதலில் விளைவுகளையும், பின் அலையியற்றிகளை ஒவ்வொன்றாகவும் நிறுத்திக் கேட்டால், எப்பகுதி எதைச் செய்கின்றது என்பது விளங்கும். அவ்வாறு மாற்றியமைத்த முன்னமைவைப் பயன்படுத்துவது இரு முறைகளுக்கும் இடைப்பட்ட வழியாகும்.

பெயர்வுத்திறன்

ஒலித்தொகுப்பிகளின் உள்ளமைப்பு வேறுபடுவதால், ஒன்றின் முன்னமைவைப் பொதுவாக மற்றொன்றில் திறக்க இயலாது. மென்பொருள் கைவிடப்பட்டால் அதன் முன்னமைவுகளும் பயனற்றுப் போகக்கூடும். அலை, வடிகட்டி, எழுச்சி, தணிவு ஆகியவை பற்றிய அறிவோ எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

அதிர்வெண் பண்பேற்றம்
மின்னணு இசை
மிடி