திருவண்ணாமலை நகர் உலா

திருவண்ணாமலை நகர் உலா, அண்ணாமலையார் கோயில், அதைச் சூழ்ந்த மாட வீதிகள், மலையைச் சுற்றும் 14 கி.மீ. கிரிவலப் பாதை ஆகியவற்றை உள்ளடக்கியது. பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரியதாகக் கொள்ளப்படும் இவ்வூர், 14ஆம் நூற்றாண்டில் சில ஆண்டுகள் போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனின் தலைநகராகவும் விளங்கியது. கீட்டோ, லிமா போன்ற தென் அமெரிக்கத் தலைநகரங்களில் ஊர் சுற்றிக் காட்டுபவர்கள், ஆட்சியாளரின் மாளிகையும் பேராலயமும் சேர்ந்து நிற்கும் நடுச் சதுக்கத்திலிருந்து தொடங்குவார்கள். இங்கே அப்படிக் காட்டுவதற்கு அரண்மனை நிற்கவில்லை. கோயிலின் ஒரு கோபுரமும், மன்னனுக்காக ஆண்டுதோறும் நடக்கும் ஒரு திதியும்தான் அந்த ஆட்சியின் கண்கூடான எச்சங்கள். ஆகவே தலைநகரைப் பார்க்க விரும்புபவரும் கோயிலுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

தலைநகரான வரலாறு

போசளரின் பழைய தலைநகரம் கர்நாடகத்தின் துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு. 1311இல் மாலிக் காபூரின் படை அதை முற்றுகையிட்டபோது வல்லாளன் திறை கொடுத்துத் தப்பினான். 1327 வாக்கில் முகமது பின் துக்ளக்கின் படை வந்தபோது நகரம் அழிந்தது. அதன் பின் வல்லாளன் தன் இருப்பிடத்தைத் திருவண்ணாமலைக்கு மாற்றிக்கொண்டான்.

தேர்வு தற்செயலானதன்று. மேட்டுநிலத்திலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் செங்கம் கணவாய் வழி இவ்வூருக்கு வந்து சேர்கிறது. சங்ககாலத்தில் மலைபடுகடாம் பாடப்பெற்ற நன்னனின் ஊரும் அந்தச் செங்கம்தான். கன்னட நாட்டுடன் தொடர்பு அறுந்துபோகாமல் தெற்கே மதுரையைக் கண்காணிக்க இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. 1335இல் மதுரையில் ஜலாலுதீன் அசன் கான் டெல்லியிலிருந்து பிரிந்து தனி சுல்தானகம் அமைத்ததும், வல்லாளனின் கவனம் முழுவதும் தெற்கே திரும்பியது.

முடிவும் தெற்கிலேயே நேர்ந்தது. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள கண்ணனூர்க் கொப்பத்தைப் பல மாதங்கள் முற்றுகையிட்டிருந்த வல்லாளன், கோட்டைக்குள் இருந்தவர்கள் மதுரையைக் கலந்து முடிவு சொல்ல அவகாசம் கேட்டபோது அதைக் கொடுத்தான். அந்த இடைவெளியில் சுல்தான் கியாசுதீன் தம்கானியின் படை, போசள வீரர்கள் குதிரைகளை மேயவிட்டுப் பகல் உறக்கத்தில் இருந்த வேளையில் வந்து தாக்கியது. சிறைப்பட்ட மன்னனின் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்டபின் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். இது 1342இல் நடந்தது. தகவலைத் தருபவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. மதுரையில் அதைத் தம் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறார். அவர் கியாசுதீனின் சகலை; எனவே போசளர் மீது அனுதாபம் கொண்டு எழுதியதாகக் கருத இடமில்லை. மன்னனுக்கு அப்போது வயது 80 என்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் போசள அரசு மறைந்து, அதன் நிலப்பரப்பு விஜயநகரத்தின் கைக்கு வந்தது.

கோயில்

உலா வழக்கமாகக் கிழக்கு ராஜகோபுரத்தில் தொடங்குகிறது. பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட இக்கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார். தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்தார். திருவரங்கத்தின் மொட்டைக் கோபுரம் 1987இல் 236 அடியாக உயரும்வரை இதைவிட உயரமான கோபுரத்தைச் சொல்வது கடினம். மற்ற மூன்று திசைகளிலும் திருமஞ்சன கோபுரம் (தெற்கு), பேகோபுரம் (மேற்கு), அம்மணி அம்மாள் கோபுரம் (வடக்கு) நிற்கின்றன. இவற்றில் வடக்குக் கோபுரம் தனிக் கவனத்துக்கு உரியது. பாதியில் நின்றுபோன அந்த வேலையை முடித்தவர் அரசரோ பாளையக்காரரோ அல்லர். செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்து துறவு பூண்ட அம்மணி அம்மாள் என்ற பெண். வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டி 171 அடிக் கோபுரத்தை எழுப்பினார். ராஜகோபுரத்தைப் படமெடுத்துவிட்டு நேராகத் தரிசன வரிசைக்கு விரையும் பயணிகள் பலர் இப்பக்கம் வருவதே இல்லை.

ராஜகோபுரத்தைத் தாண்டினால் வலப்புறம் ஆயிரங்கால் மண்டபம், இடப்புறம் கம்பத்து இளையனார் சன்னதி, அதை ஒட்டிச் சிவகங்கைத் தீர்த்தம். மண்டபத்தையும் குளத்தையும் அமைத்தவர் கிருஷ்ணதேவராயர். அவருடைய 1516ஆம் ஆண்டுக் கல்வெட்டு இத்திருப்பணிகளைச் சொல்கிறது. கம்பத்து இளையனார் சன்னதி, அருணகிரிநாதர் வேண்ட முருகன் தூணில் காட்சி தந்ததாகச் சொல்லப்படும் இடம். ஆயிரங்கால் மண்டபத்தில் தரைமட்டத்துக்குக் கீழே பாதாள லிங்கம் உள்ளது. 1896 செப்டம்பர் 1 அன்று வீட்டைவிட்டு வந்து சேர்ந்த 16 வயது வேங்கடராமன், பிற்காலத்தின் ரமணர், வெளியுலகத் தொந்தரவுகளிலிருந்து ஒதுங்கித் தியானத்தில் அமர்ந்தது இங்கேதான். புதுப்பிக்கப்பட்ட அச்சன்னதியை 1949இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி திறந்துவைத்தார்.

அடுத்து வருவது வல்லாள கோபுரம். ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு இது சிறியதாகவே படும். வரிசையில் நகரும் கூட்டம் இதன் பெயரைக்கூடக் கேட்காமல் கடந்து விடுகிறது. ஆனால் தலைநகராக இருந்த காலத்தின் கட்டடமாகப் பயணிக்குக் காட்டக்கூடியது இது ஒன்றே. கோபுர வழியின் உட்புறத்தில் மன்னனின் சிலையும் இருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாளனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்ற கதையைச் சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் தனிச் சருக்கமாகவே பாடுகிறது. மகனானவர் தந்தைக்குக் கடன் கழிக்க வேண்டும் என்பதால் ஒரு சடங்கும் வந்தது. தைப்பூசத்தன்று ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடித்துத் திரும்பும் சுவாமியிடம், மன்னன் போரில் மாண்ட செய்தி அறிவிக்கப்படும். உடனே மேளதாளம் நின்றுவிடும். சுவாமி ஓசையில்லாமல் கோயிலுக்குள் போவார். அடுத்த மாதம், மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுப்பார். கொடூரமாகக் கொல்லப்பட்ட ஒரு மன்னனுக்கு அவன் வம்சம் அழிந்து ஆறரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஊரே திதி கொடுத்து வருவது தமிழகக் கோயில் வழக்குகளில் அபூர்வமானது. போரையும் மரணத்தையும் பற்றிய இபின் பதூதாவின் எழுத்தும் இந்தச் சடங்கும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே நிகழ்வைக் காத்து வைத்திருக்கின்றன.

வல்லாள கோபுரத்துக்கு அப்பால் பிரம்ம தீர்த்தம், அதன் கரையில் காலபைரவர் சன்னதி. பிறகு கிளி கோபுரம். அருணகிரிநாதர் கிளி உருவில் தங்கியதாகச் சொல்லப்படும் கதையால் இப்பெயர் பெற்றது. உள்ளே தலமரமான மகிழம், வடக்கே உண்ணாமுலை அம்மன் சன்னதி, கருவறையில் அண்ணாமலையார். கோயில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புடையது. அவசரமில்லாமல் பார்க்க அரை நாள் வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை நேரமே ஏற்றது. 2002இல் இந்தியத் தொல்லியல் துறை இக்கோயிலைத் தன் பாதுகாப்பில் எடுக்க முனைந்தது. பக்தர்களின் எதிர்ப்பால் 2004இல் அம்முடிவு கைவிடப்பட்டது.

வீதிகள்

கோயிலைச் சுற்றிய மாட வீதிகள் தேரோட்டத்துக்கு ஏற்ப அகலமாக அமைந்தவை. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் இவ்வழியே இழுக்கப்படும். தெற்கில் உள்ள திருவூடல் வீதி, மாட்டுப் பொங்கலையொட்டி நடக்கும் ஊடல் விழாவால் பெயர் பெற்றது. சுவாமிக்கும் அம்மனுக்கும் பிணக்கு வந்து அம்மன் கோயிலுக்குள் போய்விடுவார். சுவாமி தனியே கிரிவலம் போய் வந்து சமாதானம் செய்வார். கடலைக்கடை மூலை போன்ற பெயர்கள் கடைத்தெருவின் பழைய தோற்றத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கோயில் மதில்கள் ஆங்கிலேய–மைசூர்ப் போர்க் காலத்தில் கோட்டை மதில்களாகவும் பயன்பட்டன. 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படையும் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதின. 1790இல் திப்பு சுல்தான் இவ்வூரைப் பிடித்தார்.

கிரிவலப் பாதை

உலாவின் நீண்ட பகுதி இது. இடமிருந்து வலமாக, அதாவது மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, சாலையின் இடது ஓரமாக நடப்பது முறை. உள் ஓரம் சித்தர்கள் நடக்கும் வழி என்பது நம்பிக்கை. செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்பதால் கோடையில் பகல் நடை சரிப்படாது. தார்ச்சாலை பாதம் வைக்க முடியாமல் சுடும். விடிகாலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். சராசரி நடைக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ உண்டு. ஆட்டோக்காரர்களே வழிகாட்டிகளாகவும் இருந்து, லிங்கத்துக்கு ஒரு நிறுத்தம் வீதம் கதை சொல்லிக் கொண்டு போவார்கள். பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கானோர் நடப்பதால் வண்டிகளுக்கு வழியில்லை.

பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யன். இந்திர லிங்கம் ஊருக்குள்ளேயே உள்ளது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் செங்கம் சாலை; அதில் அக்னி லிங்கம், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. ரமணர் மலைமேல் விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்து, 1922இல் தாய் காலமானபின் அடிவாரத்துக்கு இறங்கினார். தாயின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததே ஆசிரமம். 1934இல் வெளிவந்த, ரமணரைப் பற்றிப் பேசும் பால் பிரண்டனின் நூலும், 1938இல் வந்துபோன சாமர்செட் மாம் பின்னர் எழுதிய ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலும் வெளிநாட்டவரை இங்கே திருப்பின. செங்கம் சாலையின் இப்பகுதியில் இன்று பேக்கரிகளிலும் புத்தகக் கடைகளிலும் தமிழைவிடப் பிற மொழிகள் அதிகம் கேட்பது அதன் விளைவு. யோகி ராம்சுரத்குமார் ஆசிரமமும் இப்பக்கமே.

எம லிங்கம் தாண்டியதும் பாதை செங்கம் சாலையைவிட்டு விலகுகிறது. மலையின் மேற்குப் பக்கத்தில் ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கே என்பது மரபு. அவருக்குத் தனிச் சன்னதியும் உண்டு. பெரிய கோயிலின் நெரிசலுக்குப் பிறகு இங்கே ஆற அமர நின்று பார்க்கலாம். உலாவில் நேரம் குறைந்தாலும் விடக்கூடாத நிறுத்தம் இது.

வடக்கே குபேர லிங்கத்தை அடுத்து இடுக்குப் பிள்ளையார். இடைக்காட்டுச் சித்தருடன் தொடர்புபடுத்தப்படும் சிறு மண்டபம். இதன் மூன்று வாயில்களும் நேர்கோட்டில் அமையாதவை. பின்வாசலில் நுழைபவர் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, உடலை வளைத்து வளைத்து முன்வாசல் வழியே வெளிவர வேண்டும். உடம்பு பெருத்தவர்கள் தயங்கி நிற்பதும், பின்னால் வருபவர்கள் அவர்களுக்கு யோசனை சொல்வதுமாக அங்கே எப்போதும் ஒரு சிறு கூட்டம் இருக்கும். அங்கிருந்து ஈசான்ய லிங்கம் வழியாகப் பாதை மீண்டும் ஊருக்குள் நுழைகிறது.

மலையும் தீபமும்

மலையின் உயரம் 2,668 அடி. கார்த்திகை தீபத்தன்று அதிகாலையில் கோயிலில் பரணி தீபமும், மாலை 6 மணிக்கு மலை உச்சியில் மகா தீபமும் ஏற்றப்படுகின்றன. சுமார் ஐந்தரை அடி உயரக் கொப்பரையில் நெய்யும் காடாத் துணியும் இட்டு ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. தீபம் 11 நாள் எரியும். ஏற்றும் நொடிக்குச் சற்று முன்பு அர்த்தநாரீசுவரர் சன்னதியிலிருந்து ஆடியபடி வெளிவந்து சில நிமிடங்களில் உள்ளே திரும்பிவிடுவார். ஆண்டில் அன்று மட்டுமே இக்காட்சி. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையால் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் இறந்தனர். அதையடுத்து அவ்வாண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கந்தாசிரமம் வரை ரமணாசிரமத்தின் பின்புறமாகச் செல்லும் கல் பாவிய பாதை வேறு. அது அரை மணி நேர ஏற்றமே.

சுற்றுப்புறம்

இரண்டு நாள் தங்குபவர்கள் கிழக்கே செஞ்சிக் கோட்டையையும், தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் முடிந்த சாத்தனூர் அணையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பௌர்ணமிதோறும் கிரிவலச் சுற்றுலா நடத்துகிறது. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் திருவண்ணாமலை ஒரு நிலையம். போசளர் வரலாற்றைத் தொடர்ந்து பார்க்க விரும்புபவர்கள் போக வேண்டியது சமயபுரம். பழைய கண்ணனூர் அதுவே. 13ஆம் நூற்றாண்டில் வீர சோமேசுவரன் கட்டிய போசளேசுவரம், இன்று போஜீஸ்வரர் கோயில் என்ற பெயரில், அங்கே வழிபாட்டில் உள்ளது.