பூ வாசலுக்கு, பட்டை சேரிக்கு: தோலுக்கு நிறம் கொடுத்தவர்களின் வரலாறு

காரின் தோல் இருக்கை வெளுத்துவிட்டால் இன்று வீட்டிலேயே நிறம் மாற்றிக்கொள்ளலாம். அழுக்கு நீக்கி, பழைய பூச்சை ஸ்பிரிட்டால் துடைத்து, சாயத்தை மெல்லியதாக இரண்டு மூன்று முறை ஏற்றி, காய்ந்ததும் மேல்பூச்சு கொடுத்தால் வேலை முடிந்தது. கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். ஒரு மதியப் பொழுது வேலைக்கே இவ்வளவு பாதுகாப்பு தேவை என்றால், தலைமுறை தலைமுறையாகத் தோலுக்கு நிறமேற்றிய கைகளுக்கு என்ன பாதுகாப்பு இருந்தது? இந்தக் கேள்வியோடு அழகர்கோவில் பக்கம் போவோம்.

அழகர்மலை அடிவாரம் தொடங்கி மதுரையைச் சுற்றிய கரடுகளில் எல்லாம் ஆவாரஞ்செடி தானாகவே வளரும். பொங்கலுக்கு அதன் பூவைக் காப்புக் கட்டுகிறோம். பட்டையில் துவர்ப்பு மிகுதி. தோல் அழுகாமல் பதமாவது அந்தத் துவர்ப்பால்தான். ஆவாரையில் பதமான தோல் வெளிர் மஞ்சளாக இருக்கும். வெயில் படப்படச் சிவக்கும். சிவக்காமல் இருக்கக் கடுக்காய் நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். துவர்ப்பேறிய தோலில் இரும்புத் துரு ஊறிய புளித்த நீரைத் தடவினால் கறுத்துவிடும். அருந்ததியர் திருமணத்தில் தாலியை முதலில் ஆவாரங்கிளையில் கட்டும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்திருக்கிறார். வேதியியல் என்று அழைக்கப்பட வேண்டிய அறிவுக்கு ஊர் வைத்த பெயர் தீட்டு. பூ வாசலுக்கு வந்தது. பட்டை சேரிக்குப் போனது.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது ஆட்டுத்தோல் பையால் தண்ணீர் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். துருத்திநீர் தெளிக்கும் இந்த அடியவர்களைப் பற்றித் தொ. பரமசிவன் தமது 'அழகர்கோயில்' ஆய்வு நூலில் எழுதியிருக்கிறார். பிரஷர் பம்பு கூடாது, மரபான தோல்பையே வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அண்மையில் சொன்னது. தோல் வழியாக வரும் தண்ணீர் சாமிக்குக் குளிர்ச்சி. ஆனால் தோலைத் தொட்டுப் பதமாக்கும் சாதிக்குத் தீட்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விலை ஏறுவது நிறத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத் தோல் இங்கே பதமாகி, 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. சாயமும் மெருகும் அங்கே ஏறின. லாபமும் அங்கேயே தங்கியது. 1973இல் ஒன்றிய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதமான தோலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் நிறமேற்றும் வேலை ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கம் பெருகியது. முதலாளிக்கு லாபம் வந்தது. தொழிலாளிக்குக் குரோமியமும் செயற்கைச் சாயமும் வந்தன.

அசோ சாயங்களில் சில, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக உடைபவை. 1994இல் ஜெர்மனி அவற்றைத் தடை செய்தது. 1997இல் இந்தியாவும் தடை விதித்தது. அந்தத் தடை பிறந்தது தோலை அணிகிறவரின் உடம்பைக் காக்க. நாள் முழுக்கச் சாயத்தில் நின்றவரின் உடம்பு அப்போதும் கணக்கில் வரவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சாயம் ஏறியதும் தோல் தன் தீட்டை உதறிவிடுகிறது. காருக்குள் உட்காருகிறவர் அது யார் கைபட்ட தோல் என்று கேட்பதில்லை. சென்னையில் 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதே தொழில் பட்டப்படிப்பாகவும் மதிப்பு பெற்றது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கிடைத்த இந்த விடுதலை, தோலைப் பதமாக்கிய மனிதருக்குக் கிடைக்கவில்லை. தோல் தொழில் கைநழுவிய பிறகும் அருந்ததியரைத் துப்புரவுப் பணிக்கே இந்தச் சமூகம் தள்ளியது.

2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் முன்னோரின் கைத்தொழில் பாடமாக நடக்கும் வகுப்பறையில் அருந்ததியர் பிள்ளைகள் மாணவர்களாக உட்காருவதற்கான வழி அது. கல்லூரியில் யாராவது "இவர்களுக்குத் தனியாக 3 சதவீதம் எதற்கு?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். ஆவாரம்பட்டையிலிருந்து தொடங்கிப் பேசுங்கள். பல தலைமுறைக் கூலியில் இன்னும் தராத பாக்கி அது.