பொன்னேரியும் கோயில் மதிலும்

பள்ளியில் படித்த பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில், ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் மாவு ஆலை ஒன்றை ஒட்டி வளர்ந்த ஒரு கிராமத்தின் கதை வரும். எங்கள் உடையார்பாளையம் பக்கம் அந்த வேலையைச் செய்தது ஏரி.

முதலாம் இராசேந்திர சோழன் கங்கை வெற்றிக்குப் பிறகு, 1025 வாக்கில், கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். கூடவே சோழகங்கம் என்ற பேரேரியும் வெட்டினான். நாம் இன்று பொன்னேரி என்கிறோமே, அதுதான். தண்ணீரால் ஆன வெற்றித்தூண் என்று இதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கரை வடக்குத் தெற்காக 16 மைல். கொள்ளிடத்திலிருந்து வந்த வாய்க்கால் 60 மைலுக்கு மேல் என்று 1855-ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிவொன்று கணக்குச் சொல்கிறது. வடக்கே வெள்ளாற்றுத் தண்ணீரும் வந்தது. சோழர் ஆட்சி போனது, ஏரி தூர்ந்தது, காடு மண்டியது. தலைநகரம் கிராமமாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் வேண்டுமென்று கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்தார்கள். தடுக்கப்போன ஏழை ஜனங்களுக்குத் தண்டனை கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், கட்டவில்லை. ஆங்கிலேயர் எழுத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். இப்படிப்பட்ட வாக்குறுதி எனக்குப் புதிதல்ல.

ஆனாலும் அணையைத் திட்ட மனம் வரவில்லை. வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போவது அங்கே தேங்கும் தண்ணீர்தானே! அணைக்கரையைக் கடக்கும்போதெல்லாம், இதில் எது நம் மதில் கல் என்று எட்டிப் பார்ப்பேன்.