சுரண்டிய தாருக்கு இரண்டாம் வேலை

அமெரிக்காவின் சான் ரமோனில் 1891இல் வந்த ரயில் பாதை 1978இல் கைவிடப்பட்டது. அந்தத் தடத்தில்தான் இன்று அயர்ன் ஹார்ஸ் நடைபாதை போகிறது. பழைய தடத்துக்குக் கிடைத்த அந்த மறுவாழ்வை மெச்சுகிறவர்களே சாலையில் சுரண்டிய தாரைக் குப்பை என்பது விந்தை. 1973 எண்ணெய் நெருக்கடியில் தார் விலை எகிறிய பிறகே அமெரிக்கச் சாலைத் துறையினர் அதைப் பரவலாகத் திரும்பிப் பார்த்தார்கள். அதிலுள்ள ஜல்லியும் தாரும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவைதானே! பழைய தார் இறுகி வெடிக்கும் என்பார்கள். உண்மைதான்; இளகிய புதுத் தாரை அளவறிந்து கலந்தால் அந்தக் குறை பெருமளவு குறையும். கனரக லாரிகள் அதிகம் வராத கிராமச் சாலைக்கு, பொடித்த பழைய தாரை அடித்தளமாகப் பரப்பி ரோலர் ஓட்டலாம். தொலைவிலிருந்து ஏற்றிவந்தால் மிச்சமெல்லாம் லாரி வாடகைக்கே போய்விடும் என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2015இல் வெளியிட்ட ஐஆர்சி 120 என்ற வழிகாட்டி பழைய தாரை மறுபடி பயன்படுத்த முறை சொல்கிறது. பக்கத்து நெடுஞ்சாலையைச் சுரண்டும்போதே ஊராட்சிகள் அந்தத் தாரைக் கேட்டு வாங்க வேண்டும்.