நூறு டாலருக்கு வந்தவர்

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்தான் அணிக்கு மூளை. பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பது அவர் பாடு. அவருக்கு அடிபட்டால் இறங்குவதற்கென்றே இன்னொருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பார். கல்லூரி கிரிக்கெட் அணியில் கடைசிவரை பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் சுமந்தவன் நான். அதனாலோ என்னவோ, நட்சத்திரங்களைவிட மாற்று குவார்ட்டர்பேக் எர்ல் மொரால் மீதுதான் எனக்குப் பிரியம்.

1956 முதல் 1976 வரை தொழில்முறை லீகில் 21 பருவங்கள், ஆறு அணிகள். 1968இல் பால்டிமோர் கோல்ட்ஸ், ஜானி யுனைடஸுக்கு மாற்றாக அவரை எடுத்தது. பருவம் தொடங்குமுன்பே யுனைடஸின் கை பழுதானது. மொரால் இறங்கினார், 14 ஆட்டங்களில் 13 வெற்றி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆனால் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் முதல் பாதியிலேயே அவர் எறிந்த மூன்று பந்துகள் எதிரணியிடம் சிக்கின. எல்லைக்கோட்டருகே சக ஆட்டக்காரர் ஜிம்மி ஓர் தன்னந்தனியாக நின்றதை அவர் கவனிக்கவேயில்லை. நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என வென்றது. ஜனங்கள் 13 வெற்றிகளை மறந்தார்கள். அந்த ஒரு மதியத்தை மறக்கவில்லை.

அந்தக் காலத்து மாற்று ஆட்டக்காரருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோலுக்கு உதைப்பவருக்காகப் பந்தைப் பிடித்து நிறுத்துவது. ஒரு முழங்காலை ஊன்றி உட்கார வேண்டும். ஏழு கஜத்திலிருந்து பாய்ந்துவரும் பந்தைப் பிடித்து, தரையில் வைத்து, தையல் கோல் பக்கம் திரும்பும்படி சுழற்றி, உச்சியில் ஒரு விரல் வைக்க வேண்டும். எல்லாம் ஒன்றரை விநாடிக்குள். இன்று பெரும்பாலும் பண்ட்டர்கள், அதாவது பந்தைத் தொலைவுக்கு உதைத்துத் தள்ளுபவர்கள், செய்யும் வேலை இது. மொராலும் இதைச் செய்தார். 1971 ஜனவரி சூப்பர் பௌலில் கோல்ட்ஸின் யுனைடஸ் காயத்துடன் வெளியேற, மொராலே அணியை நடத்தினார். கடைசி ஐந்து விநாடி இருக்கையில் புதுமுகம் ஜிம் ஓப்ரையன் 32 கஜத்திலிருந்து உதைத்து 16-13 என வென்று கொடுத்தார். பந்தை நிறுத்தியவர் மொரால்.

1972இல் கோல்ட்ஸ் கைவிட்ட அவரை, பழைய பயிற்சியாளர் டான் ஷூலா வெறும் நூறு டாலர் கட்டணத்தில் மயாமிக்கு எடுத்துக்கொண்டார். வயது 38. ஐந்தாவது ஆட்டத்தில் மயாமியின் முதன்மை குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியின் கால் முறிந்தது. அதன்பின் பருவத்தின் ஒன்பது ஆட்டங்களையும் அதற்குப் பின்வரும் பிளேஆஃப் சுற்றில் இரண்டையும் தொடங்கியவர் மொரால், எதிலும் தோல்வியில்லை. இருந்தும் பிட்ஸ்பர்க்கில் அந்த இரண்டாவது ஆட்டத்தின் நடுவே, குணமாகி வந்த கிரீஸியை ஷூலா இறக்கினார். சூப்பர் பௌலும் கிரீஸிக்கே. மொரால் ரகளை செய்யவில்லை. உதைக்கு மட்டும் களத்துக்குப் போய்ப் பந்தை நிறுத்தினார்.

அந்தப் பருவத்தில் மயாமி ஆடிய 17 ஆட்டங்களிலும் வென்றது. தோல்வியே இல்லாமல் சூப்பர் பௌல்வரை வென்ற அணி அது ஒன்றுதான். அந்தப் பதினேழில் பதினொன்றைத் தொடங்கியவர் மாற்று ஆட்டக்காரர். பன்னிரண்டாவது ஆள் என்று யாராவது இளப்பமாகச் சொன்னால், நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.